இரவில் மோட்டாரை நிறுத்தாதீர்கள்: மீன் வளர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து, காலையில் நாங்கள் கடை திறக்கும்போதே யாராவது ஒருவர் வாசலில் காத்திருக்கிறார். "மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, ஏதாவது மருந்து கொடுங்கள்" என்கிறார். இரவில் தொட்டிக்குள் காற்றை ஊதும் ஏர் மோட்டார் ஓடியதா என்று கேட்டால், சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று நிறுத்தியிருப்பார். இல்லையென்றால் கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தியிருப்பார். ஒரு பாட்டில் மருந்தை விற்று அனுப்புவது எங்களுக்கு எளிது. ஆனால் அந்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் எதுவும் இல்லை, மூச்சுத்தான் முட்டுகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டுத் தொட்டிக்கு வாங்கும் சிறிய ஏர் மோட்டார் பெரும்பாலும் 3 வாட்தான். அதை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட்டைத் தாண்டாது. சத்தத்துக்கும் வழி உண்டு. மோட்டார் மரப்பலகையையோ சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால்தான் உறுமும். மடித்த பழைய துண்டின் மேல் வைத்தால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். ஏர் ஸ்டோன், அதாவது டியூபின் நுனியில் குமிழி விடும் கல், அடைத்துக்கொண்டாலும் மோட்டார் திணறிக் கத்தும். கல்லைக் கழுவிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதன் விலை மிகக் குறைவு.

கோடையில் ஏன் இவ்வளவு தொல்லை? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறையும் நேரத்தில்தான் செலவு ஏறுகிறது. தொட்டியில் செடி இருந்தால், பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே செடி இரவில் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். எனவே விடியற்காலையில்தான் நிலைமை மிக மோசமாக இருக்கும். நீங்கள் ஆறு மணிக்கு எழுந்து பார்க்கும்போது மீன் மேலே நிற்பது இதனால்தான்.

நிறையக் குமிழி வந்தால் நிறைய ஆக்சிஜன் கரையும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு குமிழி அடியிலிருந்து மேலே வர ஓரிரு விநாடிதான் ஆகிறது. அதற்குள் கரைவது சொற்பம். அடித்தண்ணீரை மேலே தூக்கி வந்து, மேற்பரப்பை அலையவிடுவதுதான் குமிழியின் உண்மையான வேலை. காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குள் நுழையும் முக்கிய வாசல் அந்த மேற்பரப்புதான். இதைப் புரிந்துகொண்டால் காசில்லாமலே பலவற்றைச் செய்யலாம். ஃபில்டரின் தண்ணீர் வெளிவரும் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பி, நீர் சலசலக்கும்படி வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் போல் மினுமினுத்தால், செய்தித்தாளின் அச்சில்லாத வெள்ளை ஓரத்தையோ டிஷ்யூ தாளையோ பரப்பி எடுங்கள், படலம் அதோடு வந்துவிடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். கிண்ணம் எங்கே மிக அகலமோ அதுவரை நிரப்புங்கள். புதிதாகத் தொட்டி வாங்க வருகிறவர்களிடம், உயரமான தொட்டி அழகாக இருந்தாலும் அதே கொள்ளளவில் நீளமானதை எடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

மோட்டாரோடு ஒன்று சேர்த்து வாங்குவதானால், எங்கள் பரிந்துரை ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரே மோட்டாரில் தண்ணீரும் அசையும், அழுக்கும் பிடிபடும். கடையிலுள்ள விலை உயர்ந்த ஃபில்டர்களைவிட, சிறிய தொட்டிக்கு இதையே நாங்கள் நம்புகிறோம்.

மின்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நாங்களே இழந்திருக்கிறோம். கடை தொடங்கிய புதிதில் மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருந்தோம். ஒரு மே மாத இரவில் மின்சாரம் நின்றது. காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி மோட்டாருக்குள் புகுந்துவிட்டது. மின்சாரம் வந்த பிறகும் அது ஓடவில்லை. காலையில் தங்கமீன் தொட்டி முழுவதும் போயிருந்தது. அந்தத் தொட்டியின் முன்னால் நின்ற காலை இன்னும் மறக்கவில்லை. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். அதற்கு இடமில்லை என்றால் டியூபின் நடுவே ஒருவழி வால்வு ஒன்றைப் போடுங்கள். விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் துண்டுதான் அது. எந்தப் பக்கம் தொட்டியை நோக்கி இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் இல்லாத நேரத்தில் காபி ஆற்றுவது போலத் தண்ணீரை ஆற்றுங்கள். சோப்புப் படாத ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இருபது முப்பது குவளை ஊற்றினாலே மீன்களுக்குப் பெரிய உதவி. அந்த நேரத்தில் தீனி போடவே கூடாது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். நலமாக இருக்கும் பெரிய மீன் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும்.

செல்போன் பவர் பேங்க்கில் ஓடும் யூஎஸ்பி மோட்டார்களும் கிடைக்கின்றன. அவை சுமார் 1 வாட்தான் எடுக்கும் என்பதால் ஓர் இரவைத் தாராளமாகக் கடத்திவிடலாம். ஆனால் சில பவர் பேங்க்குகள், இவ்வளவு சிறிய மோட்டாரை மாட்டினால், எதுவும் மாட்டப்படவில்லை என்று எண்ணிச் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். ஆகவே உங்கள் பவர் பேங்க்கைக் கடைக்கு எடுத்து வாருங்கள். இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

தண்ணீர் மாற்றும்போது ஒரு கவனம் தேவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. அதை நேராகத் தொட்டியில் விடாமல், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, உயரத்திலிருந்து ஊற்றுங்கள். சூட்டைக் குறைக்க மூடியைச் சற்றுத் திறந்து, மேலே வலை போட்டு, மேஜை விசிறியைத் தண்ணீரின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை அப்படியே உள்ளே போட வேண்டாம்.

ஃபைட்டர், கௌராமி வகை மீன்கள் வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. அவை மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை. தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இருக்கும்படி மட்டும் இடைவெளி விடுங்கள்.

மோட்டார் நன்றாக ஓடியும், மேற்பரப்பு அலைந்தும் மீன் மூச்சு வாங்கினால், அது வேறு சிக்கல், பெரும்பாலும் மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா என்ற நச்சு. முதலில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு சிறிய பாட்டிலில் பழைய தண்ணீரைப் பிடித்து வந்தால் பரிசோதித்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வண்ண மீன் கடையினர்