இறக்கத்தில் தள்ளும் பட்டை: நடந்தது என்ன?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் இரண்டு வாரமாக ஒரு பேச்சு ஓடுகிறது. "அந்தக் காலிப்பர் கடையில் போட்ட பிளாஸ்டிக், இறக்கத்துல ஆளைத் தள்ளுது." பலவீனமான காலைத் தாங்கும் கருவிதான் காலிப்பர்; அதைச் செய்யும் அந்தக் கடை என்னுடையது என்று தெரியாமல், டீக்கடையில் ஒருவர் என்னிடமே இதைச் சொன்னார். டீ இறங்கவில்லை.

பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போன ஒரு பெரியவருக்கு, பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை செய்தோம். வழக்கம்போல மாவுக்கட்டில் காலின் அச்செடுத்து, ஓவனில் இளகிய பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை அதன்மேல் போர்த்தி வாக்குவத்தில் இழுத்த வேலைதான். கடைக்குள் நாலு தடவை நடந்து பார்த்தார், நன்றாகவே நடந்தார். அன்று போட்டிருந்தது தட்டையான கேன்வாஸ் ஷூ. வீட்டில் மகன் வாங்கித் தந்த குதிகால் உயர்ந்த ஷூவுக்குள் அதே பட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்து இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். முழங்கால் மடங்கித் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, கையில் கீறலோடு போயிற்று.

இந்தப் பட்டைக்குள் கணுக்கால் அசையாது. குதிகால் அரை அங்குலம் உயர்ந்தாலே கெண்டைக்கால் நாலைந்து டிகிரி முன்னால் சாயும். இறக்கத்தில் நம் பாதம் தானாகத் தாழ்ந்து தரையில் படியும். பட்டைக்குள் இருக்கும் பாதம் தனியாகத் தாழ முடியாது, கெண்டைக்காலையும் சேர்த்து முன்னால் தள்ளிவிடும். இரண்டும் சேர்ந்தால் முழங்கால் மடங்காமல் என்ன செய்யும்? பிளாஸ்டிக் மட்டம் என்பவர்களுக்கு: அதில் ஒரு விரிசல் இல்லை. அதையேதான் இன்றும் போட்டிருக்கிறார். ஷூ குதிகாலைச் சீவி, மெத்தென்ற ரப்பர் வைத்துக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை.

ஆனாலும் ஷூவை மாற்றக்கூடாது என்று அழுத்திச் சொல்லாதது எங்கள் தப்புதான். வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குந்தி உட்காரவும் வேண்டும் என்று யோசித்து 1968 வாக்கில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைச் செய்தார்கள். மலையில் கடை வைத்துக்கொண்டு நாங்கள் மொசைக் தரையில் நடக்கவிட்டு அனுப்பியிருக்கிறோம். இனி கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் பட்டை உங்கள் கைக்கு வரும். மழையானால் குடை எங்களுடையது.

இந்தப் பேச்சைக் கேட்டும் "அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று பஸ்ஸில் எங்களுக்காகச் சண்டை போட்ட அக்காவுக்கு நன்றி. சிறுவயதுப் போலியோவுக்குப் போட்ட இரும்புக் காலிப்பரின் தோல்வாரை வருஷா வருஷம் எங்களிடமே மாற்றிக்கொண்டு, பேச்சோடு பேச்சாகக் கேரட் மூட்டையும் இறக்கிவிட்டுப் போகும் அண்ணனுக்கும்தான். உங்களை நம்பித்தான் கடை திறக்கிறோம்.

அப்புறம், ஷீட் விலை ஏறியதாலும், அச்சு எடுக்கும் தம்பி கோயம்புத்தூர் போய்விட்டதாலும், அடுத்த மாதம் முதல் பட்டைக்கு 700 ரூபாய் கூடும், அளவெடுப்பது செவ்வாய், வெள்ளி மட்டும்.

வரும்போது தினமும் போடும் ஷூவையே போட்டு வாருங்கள். இரண்டு ஜோடி இருந்தால் இரண்டையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காலிப்பர் கடைக்காரர்