அக்காவுக்கு, வீட்டு உறுதி பற்றி

அன்புள்ள அக்கா,

வீட்டில் என் பங்கை உங்கள் பெயருக்கு உறுதி எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஒக்டோபர் 30க்கு முன் முடிக்க நினைத்தேன். 1995இல் அன்றுதானே யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அன்றைக்கு நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள், அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனது நீங்கள். நான் கனடாவில் இருந்தேன். கதைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுகிறீர்கள். சரி.

ஆனால் 1990 ஆனியில் கரண்ட் போனதிலிருந்து 1993 வரை நானும் அங்கேதானே இருந்தேன்? மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில் பிபிசி கேட்டதை இப்போது ஆம்பிளைகள் பேஸ்புக்கில் வீரக்கதையாக எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் பெடலைச் சுற்றியது யார்? மாதாமாதம் துணியை எதால் கழுவினோம் என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை.

பனம்பழத்தால். கிணற்றடியில் நீங்கள் பிசையப் பிசைய வாளித் தண்ணீர் மஞ்சளாகி, ஏதோ நுரை மாதிரி வரும். அப்படிக் கழுவிய என் பள்ளிக்கூடச் சட்டையைக் கொடியில் போட்ட கையோடு பொம்மர் விமானச் சத்தம். பங்கருக்குள்ளிருந்து வெளியே வந்தால், பக்கத்து வீட்டு மாடு சட்டையைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. பழ மணம் விடுமா? ஒரு கை முழுக்க அதன் வாய்க்குள். நான் அழ, முதலில் எனக்கு ஒரு அடி போட்டீர்கள். பிறகு மாட்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டீர்கள். அன்றிரவே ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் உங்கள் ஒரே வெள்ளைச் சேலையை வெட்டி எனக்குச் சட்டை தைத்தீர்கள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. ஏன் அக்கா?

கிளாலிக் கடலேரியால் படகில் நான் போக உங்கள் காப்பு போனது. வெளியே போகப் புலிகளிடம் பாஸ் எப்படி எடுத்தோம் என்பதை இங்கே எழுதவில்லை, கண்டவரும் வாசிப்பார்கள். பிணை நின்றவரால் பிறகு வெளியே வர முடியவில்லை என்பதோடு விடுகிறேன்.

மன்னியுங்கோ. ஆனால் "போ, போ" என்று துரத்தியதும் நீங்கள்தான். போனவளை ஓடிப்போனவள் என்று ஊருக்குச் சொன்னதும் நீங்கள்தான். பனிக்குள் இரண்டு வேலை செய்து நான் அனுப்பிய காசில்தான் அந்த வீட்டுக்குத் திரும்ப ஓடு போட்டது.

உறுதி முடிக்கிற செலவை யார் தருவது என்று உங்கள் மகன் மெசேஜ் போட்டிருந்தான். நான் தரமாட்டேன்.

உங்கள் தங்கச்சி