பெட்டி வாங்குவதற்கு முன்னால்

காரைக்குடி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே வீட்டு மராமத்து இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், இன்னொருவர் போனையே எடுப்பதில்லை. ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று சர்வர் போட்டுவிட்டீர்கள், அதற்கு முன்னால் வைத்து, வருகிற கூட்டத்தை மூன்றுக்கும் பங்கிட்டு விடுகிற லோடு பேலன்சர் பெட்டி ஒன்றை விற்க ஒருவர் நடையாய் நடக்கிறார், வாங்கலாமா என்கிறாய். அது என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்.

வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரிதான், அது பெட்டியின் முகவரி. பிரவுசரிலிருந்து இணைப்பு வந்ததும் பெட்டி ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து, பாக்கெட்டில் (வலையில் போகிற தகவல் பொட்டலத்தில்) சேருமிட முகவரியை மாற்றி உள்ளே அனுப்பும். எந்த இணைப்பை யாரிடம் விட்டோம் என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் திரும்பும்போது முகவரியை மறுபடி தன்னுடையதாக மாற்றிவிடும். இந்தப் பெட்டிகள் வருவதற்கு முன்னால் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்கிற ஏட்டில், ஒரே பெயருக்கு நாலைந்து முகவரி எழுதி ஒப்பேற்றினார்கள். அதில் ஒரு மிஷின் செத்தாலும் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது, பாதி ஜனம் செத்த மிஷினையே தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலைவலிக்குத்தான் 1990-களின் பிற்பாதியில் இவை வந்தன. எஃப்5 கம்பெனியின் பிக்-ஐபி வெளியானது 1997-ல்.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமே, வந்தவர் முகப்பு வழியாக நுழைந்து பின்கட்டு வழியாகப் போய்விடலாம். அதே மாதிரி, கேள்வி மட்டும் பெட்டி வழியாக வரும், பதிலை சர்வரே நேராக அனுப்பிவிடும். வெப்பில் கேள்வி சின்னது, பதில் பெரியது. அதனால் பெட்டிக்குச் சுமை வெகுவாகக் குறையும். இதற்கு எல்லா சர்வரிலும் பெட்டியின் முகவரியையே லூப்பேக்கில் (மிஷின் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இணைப்பில்) வைத்து, 'இந்த முகவரி யாருடையது' என்று வலையில் கேட்கிற ஏஆர்பி கேள்விக்கு வாய் திறக்காதபடி அமைக்க வேண்டும். யுஆர்எல், குக்கி பார்த்துப் பிரித்து அனுப்ப மட்டும் இதில் வழியில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதற்கு வரிசையாக ஆளுக்கொன்று கொடுக்கும் ரவுண்டு ராபின், அப்போது கையில் இணைப்பு குறைவாக உள்ளவருக்குக் கொடுக்கும் குறைந்த இணைப்பு என்று பல முறைகள் உண்டு. விற்க வருபவர் இதைத்தான் விரித்துப் பேசுவார். நீ கேட்க வேண்டியது வேறு: சர்வர் உயிரோடு இருக்கிறது என்பதைப் பெட்டி எப்படித் தெரிந்துகொள்கிறது?

இங்கே ஒரு கல்லூரியில் ரிசல்ட் அன்று நடந்ததைச் சொல்கிறேன். மூன்று சர்வர், பெட்டி இருந்தது குறைந்த இணைப்பு முறையில். ஒரு சர்வரில் டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோய், வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் 'பிழை' என்று பக்கம் காட்டித் திருப்பி அனுப்பியது. வேலையே செய்யாததால் அதன் கையில் எப்போதும் இணைப்பு குறைவு. 'அடடே, இவன் சும்மா இருக்கிறானே' என்று பெட்டி மேலும் மேலும் கூட்டத்தை அங்கேயே தள்ளியது. நல்ல சர்வர் இரண்டும் கூட்டமில்லாமல் கிடந்தன. பெட்டி சோதித்ததெல்லாம் வெப் இணைப்பு வருகிற வாசலான 443-ஆம் போர்ட் திறக்கிறதா என்று மட்டும்தான். அது ஜோராகத் திறந்தது!

பிறகு, டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியை எடுத்து வந்தால் மட்டும் 200 (வெப்பில் 'எல்லாம் சரி' என்பதற்கான எண்) சொல்கிற தனிப் பக்கம் ஒன்று எழுதி, சில விநாடிக்கு ஒருமுறை அதைக் கேட்கும்படி வைத்தோம். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மூன்றுக்கும் டேட்டாபேஸ் ஒன்றே என்றால், அது கொஞ்சம் திணறினாலும் மூன்றும் ஒரே நேரத்தில் பட்டியலை விட்டு வெளியே போய்விடும். எல்லாமே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் உனக்கு இப்போது பெட்டி வேண்டாம். சாதாரண லினக்ஸ் மிஷின் இரண்டில், பெட்டியின் வேலையையே செய்கிற ஹெச்ஏ-பிராக்ஸி என்ற மென்பொருளைப் போடு. காசில்லாமல் கிடைப்பது, 2001-லிருந்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரே முகவரியை இரண்டு மிஷின் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள உதவும் விஆர்ஆர்பி ஏற்பாட்டை வைத்தால், முகவரியை வைத்திருக்கும் மிஷின் மூன்று விநாடிபோல வாய் மூடினாலும் மற்றது அதை எடுத்துக்கொள்ளும். பெட்டியேதான் என்று உன் முதலாளி பிடிவாதம் பிடித்தால் இரண்டாகத்தான் வாங்க வேண்டும். உனக்குக் கொடுத்திருக்கும் விலை ஒன்றுக்கா இரண்டுக்கா? லைசென்ஸில் விநாடிக்கு எத்தனை புதிய டிஎல்எஸ் (பூட்டிய, ரகசிய) இணைப்பு என்று போட்டிருக்கும், அதையும் பார்.

கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பு. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு வருவதாகச் சொன்னாயே, பல்லவனில் டிக்கெட் போட்டுவிட்டாயா? ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே