பரந்தனிலிருந்து, அண்ணரின் நீச்சல் தடாக விசயமாக

பரந்தன்,
கார்த்திகை மாதம்

அன்பின் மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். மனுசியின் முழங்கால் பழையபடிதான். இவ்வளவு நாளும் எழுதவில்லை என்று நீ என்னைப் பேசுவது இங்கே கேட்கிறது. பேசி முடித்துவிட்டு வாசி, விசயம் அவசரம்.

உன் அண்ணர் போன கிழமை கோல் எடுத்தார். "மழை தொடங்கிவிட்டதாம், நீச்சல் பூலை முழுக்க இறைத்துக் காயவிட்டுத் தறப்பாளால் மூடிவிடு, ஆடியில் நான் வந்து பார்க்கிறேன்" என்கிறார். கனடாவில் பனிக்கு முதல் எல்லோரும் மூடுவார்களாம். மூடட்டும், அங்கே குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும். பரந்தனில் எந்தக் காலத்தில் ஐஸ் பிடித்தது? மழைக்கு ஐஸ்பழக்காரன்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. அவரோடு நான் வாதாட முடியாது, சின்ன வயதில் என் காதைத் திருகிய கை அது. நீதான் கதைக்கவேண்டும். கதைக்க வேண்டிய நியாயமெல்லாம் நான் தருகிறேன்.

மார்கழியில் எங்கள் கிணறுகள் எப்படி இருக்கும் என்று மறந்திருக்கமாட்டாய். துலாவும் வேண்டாம், கயிறும் வேண்டாம், குனிந்து வாளியால் அள்ளலாம். பூலைச் சுற்றியிருக்கிற மண்ணுக்குள்ளும் அதே தண்ணீர்தான் நிற்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் பாரம் தொட்டியை அமத்தி வைத்திருக்கும். இறைத்துவிட்டால் கீழே இருக்கிற தண்ணீர் அதை வெறும் தோணியைப் போல மேலே தள்ளும். கொங்கிறீற் வெடிக்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கிளம்பும். அடியில் அந்த அழுத்தத்தை விடுகிற வால்வு வைத்தீர்களா என்று கட்டியவர்களிடம் அப்போதே கேட்டேன். "அதெல்லாம் இங்கே தேவைப்படாது ஐயா" என்றார்கள். இப்போது அவர்களின் போன் வேலை செய்வதில்லை.

சரி, தொட்டி தப்பியது என்றே வை. இறைக்கிற தண்ணீரை எங்கே விடுவது? 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம். கணக்குப் பார், ஏறக்குறைய 45,000 லீற்றர். இது உப்புத் தண்ணீர்ப் பூல், லீற்றருக்கு 3 கிராமுக்கு மேல் உப்பு. தண்ணீரோடு சேர்ந்து 140 கிலோ உப்பு வாய்க்காலில் இறங்கும். கீழே யாருடைய வயல்? விதானையாருடையது. காலபோக நெல் இப்போதுதான் பச்சை பிடித்து நிற்கிறது, இளம் பயிர் உப்பைத் தாங்காது. வேலிக் கதியாலுக்கே மூன்று தலைமுறையாக வழக்குப் பேசுகிற மனுசன். இதற்கு என்ன செய்வார் என்று அண்ணருக்கு நீயே சொல்லு. வடிகட்டியைக் கழுவும்போது வருகிற கொஞ்சத் தண்ணீரை நான் தென்னைக்கு விடுகிறேன், தென்னை உப்புக்குப் பயப்படாது. 45,000 லீற்றரை எந்தத் தென்னை குடிக்கும்?

இறைக்காமல் மோட்டரை மட்டும் நிற்பாட்டலாம் என்பார். நிற்பாட்டினால் ஒரு கிழமையில் பச்சை, அடுத்த கிழமை நுளம்புக் குடம்பி, அதற்கடுத்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையடியில். டெங்குக் காலம் மச்சான்.

ஆக, ஓடவிடத்தான் வேண்டும். மாரியில் வெயில் குறைவு, மோட்டர் ஓடுகிற நேரத்தைப் பாதியாக்கலாம், கரண்ட் பில்லும் இறங்கும். இதை முதலில் சொல்லு, அவருக்கு அதுதான் ஏறும்.

"உப்புப் பூலோ? கடலை வீட்டுக்குள் கொண்டுவந்திட்டீங்களோ?" என்று நீ சிரித்தாயே, ஊரும் அதையேதான் கேட்டது. பக்கத்து வளவு மாமி ஒருபடி மேலே போனார். "எங்கட கிணறு முழுக்கச் சவர்த் தண்ணிதான். அதுக்கு ஆர் காசு தந்தது? நீங்கள் நல்ல தண்ணிக்குள்ள காசு குடுத்து உப்பைக் கொட்டுறீங்கள்!" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் கடல்நீரில் இருக்கிற உப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதில் இல்லை. கண்ணீரைவிடக் குறைவு. வாயில் பட்டால் உப்பென்று ஒரு ஐமிச்சம் வரும், அவ்வளவுதான். குளோரீன் இல்லாத பூல் என்று அண்ணர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அதுவும் சரியில்லை. குளோரீன் இருக்கிறது. கடையில் வாங்கிக் கொட்டாமல் வீட்டிலேயே செய்கிறோம்.

எப்படிச் செய்கிறோம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மோட்டருக்குப் பக்கத்தில், குழாயோடு சேர்த்து, முழங்கை நீளத்தில் ஒரு செல். அதற்குள் பூச்சுப் பூசிய தைத்தேனியத் தகடுகள். உப்புத் தண்ணீர் அவற்றுக்கு இடையால் போகும்போது மின்சாரம் பாய்கிறது. ஒரு பக்கம் குளோரீன், மறுபக்கம் ஐதரசனும் எரிசோடாவும். குளோரீன் தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப உப்பாகிவிடும். டேய், இதுதானே எங்கள் பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலை! ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்பகுப்புச் செய்து, எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்களே, உன் ஐயா சைக்கிளில் சிப்டுக்குப் போனாரே, அதே வேலை. எண்பதுகளில் சண்டையோடு நின்றுபோனது இப்போது அவர் வளவுக்குள் அளவிற் சிறியதாக ஓடுகிறது, அதுவும் அவர் மூத்த மகனின் செலவில். ஐயா இருந்திருந்தால் கதிரை போட்டு அந்தச் செல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்திருப்பார். அண்ணருக்கு இதை ஞாபகப்படுத்து. சும்மா உருக்குவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் உருக்கினாலும் பரவாயில்லை.

பராமரிப்புக் கஸ்டம் என்று அவர் சொல்வது முழுப்பொய் இல்லை. இந்தச் செல்லால் தண்ணீரின் பீ.எச்., அதுதான் அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு, தானாக ஏறிக்கொண்டே போகும். 7.2க்கும் 7.6க்கும் இடையில் பிடித்து வைக்க இடைக்கிடை ஐதரோக்குளோரிக்கமிலம் விடவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி மாஸ்டரின் குரல் ஒவ்வொரு முறையும் காதுக்குள் கேட்கும்: "அமிலத்தைத் தண்ணிக்குள் விடு, தண்ணியை அமிலத்துக்குள் விடாதே!" பிப்பெற்றில் உறிஞ்சிக் குடித்த உனக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அது தகடுகளில் படியும். செல்லைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் தகடுகளுக்கு இடையில் வெள்ளைப் பொருக்கு அடைத்திருப்பது தெரியும். நீர்த்த அமிலத்தில் வைத்தவுடன் சுர்ரென்று நுரைத்துக் கழன்று வரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். மனுசி அதற்கும் பேசுவாள். கத்தியால் சுரண்டினால் பூச்சுப் போய்விடும், செல்லும் போய்விடும், புதியது கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாளைக்கு 200 லீற்றரளவு ஆவியாகிப் போகும். உப்பு போகாது. உப்பைக் கொண்டுபோவது இந்த மழைதான், நிரம்பி வழியும்போது. அதனால் மாரி முடிய ஒரு முறை உப்புப் போட்டால் போதும். ஆனையிறவில் 2025இல் தொழிற்சாலையைத் திரும்பத் திறந்தார்களே, அந்தப் பைக்கற் உப்பைப் போடலாமே என்று உன் மருமகன் கேட்டான். அது அயடீன் சேர்த்தது, பூலுக்கு வேண்டாம். நான் கல்லுப்பு வாங்கி, செறிந்த உப்புக் கரைசலாலேயே கழுவிப் போடுகிறேன். அப்படிக் கழுவினால் உப்பு கரையாது, சேறும் மக்னீசியமும் போய்விடும். வடிகிற கழுநீரைப் பார்த்தால் சாம்பல் நிறம். வெள்ளையென்று நம்பித்தான் இவ்வளவு காலமும் குழம்பில் போட்டிருக்கிறோம்.

மயில்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கோடையில் விடிய வெள்ளென மதிலில் வந்து குந்தும், இறங்கிக் குடிக்கும், தரை முழுக்க எச்சம். உப்பு அவற்றை ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

இனித்தான் உண்மையான விசயம். பின்னேரங்களில் நான் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். அண்ணருக்கு இன்னும் தெரியாது. வன்னியில் எங்கு பார்த்தாலும் குளம், கிரவல் வெட்டிய கிடங்கு, வாய்க்கால். நீந்தத் தெரிந்த பிள்ளை எத்தனை? ஒவ்வொரு மாரியும் யாராவது ஒருவர் வீட்டில் செத்தவீடு. தொடக்கியது நானில்லை, மனுசி. சண்டையின் கடைசி நாட்களில் வட்டுவாகல் களப்பில் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தவள். இந்தப் பூலில் இன்றுவரை கால் வைக்கவில்லை, உப்புத் தண்ணீர் என்றால் அவளுக்கு அதுதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னது அவள்தான். கரையில் கதிரை போட்டு இருந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள், எண்ணும்போது கதைத்தால் கோபம் வரும். ஆழமான பக்கத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறேன், ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான், தாய் தகப்பன் ஒருவர் நிற்கவேண்டும். முதலில் கிணற்றடியில் தலை முழுகவேண்டும். இல்லாவிட்டால் ஐந்து தலைத் தேங்காய் எண்ணெயும் மாபிளில் ஒரு கோடாகப் படிந்து நிற்கும், செய்த குளோரீனெல்லாம் அதற்கே போய்விடும். மாமியின் பேத்தி கரையை விடவே மாட்டேன் என்று அழுதவள். போன கிழமை என் உள்ளங்கை முதுகுக்குக் கீழே இருக்கிறதென்ற நம்பிக்கையில் மிதந்தாள். கையை நான் முன்னமே எடுத்துவிட்டேன். தெரிந்தவுடன் தாண்டு, எழும்பி, எனக்கு ஒரு அடி போட்டாள்.

அண்ணர் வருசத்தில் ஒரு மாதம் வருவார், மிச்சம் பதினொரு மாதமும் தண்ணீர் சும்மா கிடக்கிறது. அவர் பயப்படுவது, ஏதும் நடந்தால் தன் பெயர் கெடும் என்று. அந்தப் பயம் நியாயம்தான், எனக்கும் இருக்கிறது. பூட்டு வைத்த கம்பி வேலி ஒன்று போடவேண்டும், செலவில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லு. ஏறுகிற ஏணியின் கம்பியும் உப்புக்குக் கறள் பிடித்துவிட்டது, அதையும் மாற்றவேண்டும்.

அண்ணி வீட்டில் நிற்கிற நேரம் பார்த்துக் கதை. அண்ணி ஓம் என்றால் மிச்சம் சரி. பிள்ளைகளின் விசயத்தைக் கடைசியில் சொல்லு, விதானையாரின் வயலை முதலில் சொல்லு. அப்புறம், வரும்போது தண்ணீர் பார்க்கிற ஸ்றிப் நாலைந்து பெட்டி கொண்டுவா, போனமுறை நீ அனுப்பியது திகதி முடிந்தது. பெரியம்மா காணி வழக்கு திரும்பவும் தவணை, தைக்குப் பிறகு. அதை வேறாக எழுதுகிறேன்.

கெதியாகக் கதை. கிணறு இன்னும் ஒரு முழம்தான் மிச்சம்.

உன்,
மச்சான்