துப்பாக்கியைப் பறிமுதல் செய்யும் முன் காரணத்தை எழுதித் தாருங்கள்

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் காவல்துறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெரு ஆண்கள் முறை வைத்து இரவெல்லாம் காவல் நின்றோம். போலீசுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டோம், யாரும் எடுக்கவில்லை. அண்ணனிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. அவர் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனாலும் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அம்மா அந்த நாட்களில் கொஞ்சமாவது கண் அயர்ந்தார்.

அதே ஜூலையில், எங்களைப் போல இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு வாய் வராது. சுட்டவன் எங்கள் சாதிசனமாகவே இருந்தாலும் சிறைக்குப் போகட்டும், அவனுடைய துப்பாக்கியை அன்றைக்கே எடுங்கள். அவன் செய்ததற்காக ஊரில் உரிமம் வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் ஒரே அறிவிப்பில் பறிக்கலாம் என்ற வழி மட்டும் திறந்திருக்கக் கூடாது.

அந்த வழி இன்று திறந்துதான் இருக்கிறது. அரசமைப்பின் 37-ஆம் பிரிவுப்படி நெருக்கடி நிலை 21 நாள்தான். நீட்டிக்க நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றும் சொல்லலாம். நிறவெறி ஆட்சி 1980-களில் கொண்டுவந்த நெருக்கடி நிலையை அனுபவித்தவர்கள் எழுதிய பிரிவு அது. ஆனால் 2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அந்தக் கடிவாளம் இல்லை. அமைச்சர் அறிவித்தால் மூன்று மாதம், பிறகு மாதம் மாதமாக அவரே நீட்டிக்கலாம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் தொடங்கிய பேரிடர் நிலை 2022 ஏப்ரல் வரை ஓடியது.

அந்தச் சட்டத்தில் மதுவைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறது. புகையிலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அதைத் தடை செய்ய, ‘தேவையான பிற நடவடிக்கைகள்’ எடுக்கலாம் என்ற வாசகமே அரசுக்குப் போதுமானதாக இருந்தது. நாளை துப்பாக்கிக்கும் அதையே காட்டலாம். ஏறக்குறைய ஐந்து மாதம் சிகரெட் விற்பனைக்குத் தடை. அது செல்லாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2022 ஜூன் ஆகிவிட்டது. சிகரெட்டுக்காக இரண்டு வருடம் காத்திருக்கலாம். கலவர நாளில் வெறுங்கையோடு நிற்கும் குடும்பம் எப்படிக் காத்திருக்கும்?

துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் தரும் சலுகை என்று அரசமைப்பு நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதை ஏற்கிறேன். சட்டம் தந்ததைச் சட்டப்படிதான் எடுக்க வேண்டும், அவ்வளவே என் வாதம். தற்காப்புக்காக உரிமமே கிடையாது என்ற சட்டத் திருத்த வரைவு 2021 மே மாதம் வந்தது. இரண்டே மாதத்தில் கடைகள் எரிந்தன, காவல்துறை கைவிரித்தது. அந்த வரைவை எழுதியவர்கள் அன்று எங்கள் தெருவில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேருங்கள். பேரிடர் நிலையோ நெருக்கடி நிலையோ, உரிமம் உள்ளவரிடமிருந்து எடுப்பதானால் அந்த ஆள்மேல் என்ன சந்தேகம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கியின் எண் எழுதிய ரசீதை அங்கேயே கொடுக்க வேண்டும். பத்து நாளுக்குள் அந்தக் காரணத்தை நீதிபதி முன் வைக்க வேண்டும். காரணம் நிற்காவிட்டால் திருப்பித் தர வேண்டும். நெருக்கடி நிலையில் காவலில் வைத்த மனிதரின் வழக்கை நீதிமன்றம் பார்க்க 37-ஆம் பிரிவு தரும் கெடுவும் அதே பத்து நாள்தான்.

கலவரம் அடங்கியபின் அண்ணனின் துப்பாக்கியையும் சோதனைக்கென்று வாங்கிப் போனார்கள். கிழித்த தாளில் ஒரு கையெழுத்து, எண்கூட இல்லை. திரும்பி வர பதினான்கு மாதம் ஆனது.

இப்படிக்கு,
டர்பன் வாசி ஒருவர்