பூங்காவுக்குள் ஏன் நிழல் இல்லை?

ஆசிரியருக்கு,

மார்கழி விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போகக்கூடிய இடங்கள் பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் வடிவாக இருந்தன. கோட்டை, பண்ணைக் கடற்கரை, சுப்பிரமணியம் பூங்கா, ஆரியகுளம், சங்கிலியன் பூங்கா, கசூரினா, கீரிமலை என்று கனக்க இடங்களை எழுதியவர் சொல்லியிருந்தார். ஆனால் அவர் இங்கெல்லாம் எத்தனை மணிக்குப் போனார் என்றுதான் எனக்குச் சந்தேகம். படங்கள் எல்லாம் ஒன்றில் விடியப்புறம் எடுத்தவை, இல்லையென்றால் பொழுதுபடுகிற நேரம் எடுத்தவை.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு என் தங்கச்சி குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 5. வீட்டுக்குள் போனைத் தட்டிக்கொண்டு கிடந்ததுகளை ஒரு பின்னேரம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சிறுவர் பூங்கா ஒன்றுக்குப் போனேன். எந்தப் பூங்கா என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதை மட்டும் திருத்திவிட்டு மற்றதுகளை அப்படியே விட்டுவிடுவார்கள். மூன்றரை மணி இருக்கும். ஓடிப்போய், சறுக்கி விளையாடுகிற சறுக்கீஸில் ஏறிய சின்னவள் பாதி வழியில் "பெரியம்மா, சுடுது!" என்று கத்தினாள். இரும்புத் தகடு. கையை வைத்துப் பார்த்தால் தோசைக்கல்லுத்தான். பிள்ளையின் தொடையில் பின்பக்கம் சிவந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று சீமெந்து வாங்கில் இருத்தப் போனால் வாங்கும் கொதிக்கிறது. மலசலகூடத்தில் பூட்டுத் தொங்கியது. திறப்பு யாரிடம் என்று வாசலில் கச்சான் விற்கிற அம்மாவைக் கேட்டேன், அவவுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் நிழலில் இருந்த ஒரே ஆள் அவதான், மதிலுக்கு வெளியே நின்ற வேம்பின் கீழே.

கடைசியில் நாங்களும் அந்த வேம்பின் கீழே நின்றுதான் கச்சான் உடைத்துத் தின்றோம். பூங்காவுக்கென்று வெளிக்கிட்டுப் போய் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இங்கே ஒரு பூங்காவுக்குக் காசு வந்தால் முதல் வேலை நிலத்துக்குக் கல் பதிப்பது. பிறகு கலர் லைட், அப்புறம் பெயர்ப்பலகை. மரம் என்று கேட்டால் சட்டியில் குரோட்டன் வைப்பார்கள். 2021இல் ஆரியகுளத்தைத் திருத்தியபோது நான் மெய்யாகவே சந்தோஷப்பட்டவள்தான். இரவு 7 மணிக்குக் குளத்தைச் சுற்றி ஒருக்கா நடந்தால் மனதுக்கு ஆறுதல். பண்ணையும் அப்படித்தான். சோளகக் காற்று அடிக்கிற நாளில் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் நின்று சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தால் வேறெங்கும் போகத் தேவையில்லை. சரி, இவை பொழுதுபட்ட பிறகு போகிற இடங்கள். 7 மணிக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

நிழலை அறிந்து வளர்த்த இடமும் இந்த ஊரில் உண்டு. சுண்டிக்குளியில் பழைய பூங்கா வீதியால் வெயிலுக்குள் சயிக்கிளில் வந்தால், அந்தப் பெருமரங்களின் அருகே வந்ததும் வெக்கை இறங்குவது உடம்புக்கே தெரியும். 1867இல் இறக்கும்வரை ஏறத்தாழ 40 வருடம் வடமாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்த டைக் என்ற வெள்ளைக்காரத் துரை உண்டாக்கிய சோலை அது. ராசா மாதிரி ஆண்ட ஆள் என்பார்கள், அவரை மெச்ச நான் வரவில்லை. ஆனால் அவர் போய் 150 வருடத்துக்கு மேலாகிறது, நிழல் இன்னும் நிற்கிறது. அந்த வளவுக்குள் இனி ஒரு கட்டடமும் வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

காரைநகர்க் கசூரினாவை எல்லாரும் கடலுக்காகத்தான் புகழ்கிறார்கள். பிள்ளைகள் கனதூரம் நடந்துபோகக்கூடிய ஆழமில்லாத கடல், உண்மைதான். ஆனால் அந்தப் பெயரே சவுக்கு மரத்தின் பெயர். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து வைத்துக் குடும்பமாக இருக்க வைப்பது அந்தச் சவுக்குகள்தான். உங்கள் கட்டுரை வடமராட்சி கிழக்கு மணற்காட்டை ஏன் விட்டதோ தெரியவில்லை. மண்மேடுகளும், மணல் மூடிக் கிடக்கிற பழைய தேவாலயச் சுவர்களும், பக்கத்திலேயே சவுக்கங்காடும் இருக்கின்றன. வெறும் மணலில் சவுக்கு அப்படி வளரும் என்றால் நகரத்துக்குள் ஒரு வேம்போ புங்கையோ இலுப்பையோ வளராதா?

வளரும். ஆனால் நட்ட பிறகு பார்க்க ஆள் வேண்டும். வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்தார்கள். நல்ல யோசனை. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழைதான் கன்றைப் பிடிக்க வைக்கும். ஆனால் நடுகிற அன்று படம் எடுப்பதோடு எல்லாரும் போய்விடுகிறார்கள். தையில் மழை நிற்கும், மாசியில் ஆடு கடிக்கும், சித்திரையில் குச்சிதான் மிஞ்சும். ஒரு பூங்காவுக்கு ஆறு கன்று போதும். சுற்றிவரக் கம்பிக்கூடு அடித்து, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். மரம் வளரும்வரைக்கும் சறுக்கீஸுக்கு மேலே நாலு தூண் நட்டுக் கிடுகாவது போடலாம். மலசலகூடத் திறப்பையும் வாசலில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். இதற்கெல்லாம் வெளிநாட்டு நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது ஐப்பசி, மண் ஈரமாகத்தான் இருக்கிறது.

தங்கச்சி குடும்பம் வருகிற ஆவணிக்கும் வருகிறதாம். போன கிழமை போனில் சின்னவள் கேட்டாள், "பெரியம்மா, அந்தக் கச்சான் அம்மா இன்னும் இருக்கிறாவா?" பூங்காவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இருக்கிறா என்று சொன்னேன். நேற்றும் கண்டேன், அதே வேம்பின் கீழே.

வாசகி ஒருவர்,
அரியாலை.