சான்றிதழ் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க எரிவாயுக் குழாய்களின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாநிலங்களிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி மொத்தத்தையும் வாஷிங்டனிடம் ஒப்படைத்தால் விபத்து குறையும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

இப்போதுள்ள ஏற்பாடு கட்டுரையில் தெளிவாக வரவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை வகுப்பது மத்திய அரசு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் குழாய்களுக்கு அந்த விதிகள்தான். மாநிலம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க முடியாது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் குழாய்களை, நம் வீட்டு அடுப்புக்கு வரும் சிறு குழாய்கள் உட்பட, மத்திய அரசின் சான்றிதழ் பெற்று மாநில ஆணையம் கண்காணிக்கலாம். இவற்றுக்கு மத்திய விதியைவிடக் கடுமையான விதியும் போடலாம். கண்காணிப்புச் செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு ஈடுகட்டவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சான் புரூனோ நகரில் வெடித்தது இந்த இரண்டாவது வகைக் குழாய். மில்பிடாஸில் தொடங்கி சான்பிரான்சிஸ்கோவில் முடிகிற, பி.ஜி. அண்ட் இ. என்ற எரிவாயு, மின்சார நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய் அது. 2010 செப்டம்பர் 9 மாலை 6.11 மணிக்கு வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. அடைப்பு வால்வுகளைத் தொலைவிலிருந்து மூட வழியில்லை. ஆட்கள் காரில் போய்க் கையால் திருகி மூடி எரிவாயு நிற்க 95 நிமிடம் ஆனது. அதுவரை தெரு எரிந்துகொண்டே இருந்தது.

வெடித்த பகுதி 1956-ல் புதைக்கப்பட்டது. நிறுவனத்தின் ஆவணங்களில் அது நீளவாக்கில் இணைப்பே இல்லாத குழாய் என்று இருந்தது. அந்தக் காலத்தில் 30 அங்குலத்தில் அப்படிப்பட்ட குழாய் செய்யத் தகுதி பெற்ற ஆலையே அமெரிக்காவில் கிடையாது. உண்மையில் அங்கே இருந்தது, சில குட்டைத் துண்டுகளை ஒட்டவைத்த குழாய். சிலவற்றின் நீளவாக்கு இணைப்பில் வெளிப்பக்கம் மட்டும்தான் பற்றவைத்திருந்தார்கள். உள்பக்கம் திறந்தே கிடந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைக்கூட எட்டாத நேரத்தில் அந்த இணைப்பு பிளந்தது. தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து ஒருமுறை சோதித்திருந்தாலே குறை வெளிவந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் சோதிக்கவில்லை? 1961-ல் கலிஃபோர்னியா இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது, ஏற்கெனவே புதைத்திருந்த குழாய்களுக்கு விலக்கு அளித்தது. 1970-ல் மத்திய விதி வந்தது. அதிலும் அதே விலக்கு. நாற்பது ஆண்டுகள் இரு அரசுகளுமே அதை நீக்கவில்லை. விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-ல் நிறுவனத்தைக் குற்றம் சொன்னதோடு நிற்கவில்லை. இரு அரசுகளும் தந்த இந்த விலக்கையும், நிறுவனத்தின் குறைபாடுகளை மாநில ஆணையம் கண்டுபிடிக்கத் தவறியதையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. வாஷிங்டனிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். சோதிக்கப்படாத பெருங்குழாய்களைச் சோதிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும் என்று மாநில ஆணையம் 2011-லேயே உத்தரவிட்டது. பழைய குழாய்களின் அழுத்த வரம்பை மறுபடி உறுதிசெய்யச் சொல்லும் மத்திய விதி 2019-ல்தான் வந்தது. அதை நிறைவேற்றத் தந்த கெடு 2035 வரை. 2015-ல் மாநில ஆணையம் விதித்த அபராதம் 160 கோடி டாலர். மறுஆண்டு மத்திய நீதிமன்றத்தில் அதே நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பானது. கட்டச் சொன்ன அபராதம் 30 லட்சம் டாலர். அந்தக் குற்றப் பிரிவுகளில் சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அதுதான் என்பது உண்மைதான். ஆனாலும் மாநிலத்தின் கையைக் கட்டிப்போட்டிருந்தால் எங்களுக்கு இதுதான் மிஞ்சியிருக்கும்.

எல்லா மாநிலமும் ஒன்றல்ல என்பதை மறுக்கவில்லை. 2018-ல் மாசசூசெட்ஸின் மெரிமாக் பள்ளத்தாக்கில் எரிவாயுவால் வீடு வீடாகத் தீப்பிடித்ததே, அங்கும் கண்காணிப்பு மாநிலத்திடம்தான் இருந்தது. அதனால்தான் சான்றிதழ் தருகிறவரின் பொறுப்பை நான் வலியுறுத்துகிறேன். மாநிலம் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் சான்றிதழை மறுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லையென்றால் கேட்பது யார்? சான்பிரான்சிஸ்கோ நகராட்சி கேட்டது. குழாய்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய நிர்வாகம் மாநில ஆணையத்தைச் சரியாக மேற்பார்க்கவில்லை என்று வழக்குப் போட்டது. கண்காணிப்பாளர் மீதே இப்படி வழக்குத் தொடரச் சட்டத்தில் வழியில்லை என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் திருத்த வேண்டியது இந்த இடத்தைத்தான். சான்றிதழ் கொடுத்தவரையும் குடிமக்கள் நீதிமன்றத்துக்கு இழுக்க வழி வேண்டும். மாநில ஆணையங்களை ஆண்டுதோறும் மதிப்பிடும்போது கோப்புகளைப் புரட்டினால் போதாது. சில குழாய்களையாவது தோண்டி, ஆவணத்தில் இருப்பதுதான் மண்ணுக்கடியில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அந்த ஆண்டு மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதையும் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
டேலி சிட்டி, கலிஃபோர்னியா